முட்டை வண்டி கடலுக்குப் போன புரட்டாசி

போன மாதம் எங்கள் பட்டறைக்கு ஒரு வேன் வந்தது. நான் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவன். வேனின் பக்கவாட்டில் நிழலுக்கு இழுத்துக் கட்டுகிற மாதிரி ஒரு தார்ப்பாய் வேண்டும் என்றார்கள். சேலத்துப் பையன் ஒருவனும் அவன் மனைவியும். உள்ளே எட்டிப் பார்த்தேன். மடக்குக் கட்டில், கை கழுவத் தொட்டி, சின்ன அடுப்பு, தலைக்கு மேலே விசிறி. புரட்டாசியில் கடலோரமாகவே ராமேசுவரம் வரைக்கும் போகப் போகிறோம், தூக்கம் சமையல் எல்லாம் வண்டியிலேதான் என்று அந்தப் பெண் சொன்னாள். "நம்ம பக்கத்துல யாரும் இப்படிப் போனதே இல்லீங்கண்ணா" என்றான் பையன்.

நான் அளவு எடுத்துக்கொண்டு "செரிங்க" என்றேன். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு அதற்கு மேல் பேச்சு வராது. எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் வரும். அதனால் ஐம்பதைத் தாண்டிவிட்ட உங்களிடம் சொல்கிறேன். உங்கள் வீட்டுச் சின்னவர்களும் இப்படி எதையாவது முதன்முதலாகச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் போனோம். நான் நாலாவது, அக்கா எட்டாவது படித்தபோது. அப்பாவின் முட்டை வண்டியில்.

அப்போது நாங்கள் பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் இருந்தோம். நாமக்கல் கோழிப் பண்ணைகளில் முட்டை ஏற்றி சேலத்துக்குக் கொண்டு போவது அப்பாவின் தொழில். பின்னால் தகரப் பெட்டி வைத்துக் கட்டிய சின்ன லாரி. இரண்டு பக்கமும் பச்சை எழுத்தில் 'முட்டை' என்று எழுதி, அதன் கீழே ஒரு முட்டை வரைந்திருக்கும். வரைந்தவன் கொஞ்சம் நீட்டி விட்டதால் அது வெள்ளரிக்காய் போல் இருக்கும்.

அந்த வருஷம் சித்திரையில் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவே இல்லை. பெயர் வைக்கும் முன்னே போய்விட்டது. அக்காவும் நானும் அதைப் பார்க்கவில்லை. சின்னப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று எங்களைப் பெரியம்மா வீட்டில் வைத்திருந்தார்கள்.

அம்மா திரும்பி வருவதற்குள் பெரியம்மா எங்கள் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டாள். தொட்டில் கட்ட உத்தரத்தில் மாட்டியிருந்த கயிறு இல்லை. அம்மா பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்திருந்த துணிகள் இல்லை. மருந்து உரசும் கல் இல்லை. எங்கள் இருவரையும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போய், "அந்தப் பேச்சை உங்கம்மா முன்னாடி எடுக்கவே கூடாது சாமி. பாப்பாங்கற வார்த்தையே வாயில வரக் கூடாது. நெனப்பே இல்லாமப் போனாத்தான் அவ தேறுவா" என்றாள். நாங்கள் தலையாட்டினோம். எதிர் வீட்டுப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தால், அம்மாவைக் கண்டதும் முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு வேலியோரமாகத் திரும்பிவிடுவாள். நல்ல மனசோடுதான் அப்படிச் செய்தார்கள். அம்மா அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்கு முன்பெல்லாம் அம்மா கிணற்றடியில் பேசினால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வருஷம் அவள் சோறு ஆக்கினாள், தலை வாரி விட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காவிட்டால் ஒன்றும் இல்லை. வைகாசி, ஆனி, ஆடி என்று மாதங்கள் போயின. ஆவணியில் அவள் கேட்டதற்கும் தலையை மட்டும் ஆட்ட ஆரம்பித்தாள். எங்களுக்கு அது பயமாக இருந்தது. அக்கா என்னிடம், "அம்மா இப்படியே இருந்துருவாளாடா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்.

புரட்டாசி பிறந்தால் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் முட்டை உடையாது. பண்ணைகளில் தேங்கும். அப்பாவுக்கு ஓட்டம் இருக்காது. மற்ற வருஷங்களில் அந்த மாதம் வண்டிக்கு வேலை பார்ப்பார். அந்த முறை அவர் வண்டியைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, அதன் மேல் மஞ்சள் தண்ணீரும் தெளித்தார். பெரியப்பா வந்து, "என்றா இது, வண்டிக்கு வளைகாப்பா?" என்றார்.

"காலாண்டு லீவுல ஊட்ல எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுக் கடலுக்குப் போறனுங்கண்ணா. வண்டியிலயே தங்கிக்கிறோம்."

"முட்டை வண்டியில குடித்தனமா? பொண்டாட்டிக்கு மனசு செரியில்லைன்னா கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. இல்ல ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டுவாங்க. நீ என்னடான்னா உப்புத் தண்ணியக் காட்டப் போறேங்கற."

அப்பா டயருக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கல்யாணமான புதிதில், எங்கள் வேலூர்க் காவிரிப் பாலத்தில் நின்றுகொண்டு அம்மா கேட்டாளாம், இவ்வளவு தண்ணியும் எங்கதான் போய்ச் சேருதுங்க என்று. ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று அப்பா சொன்னாராம். அவள் கேட்டு அவர் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான் அவருக்கு ஞாபகத்தில் இருந்தது.

அந்த வண்டியை அவர் வீடாக்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். பெட்டிக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவே இருந்த தகரத்தை வெட்டி ஒரு ஜன்னல் வைத்தார். அம்மா முன்னால் உட்கார்ந்தபடியே எங்களைப் பார்த்துக்கொள்வதற்காக. வெட்டின விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி ஒட்டினார். ஒரு மூலையில் பம்பு ஸ்டவ், தண்ணீர் டிரம். சர்க்கரைச் சாக்கைத் தைத்துத் திரை. படுக்கைதான் விசேஷம். முட்டை வைக்கும் காலி அட்டைகளை அடுக்கடுக்காகப் பரப்பி, அதன் மேல் பவானி ஜமுக்காளம். படுத்தால் மெத்து மெத்தென்று இருக்கும். எழுந்தால் முதுகு முழுக்கக் குழி குழியாகப் பதிந்திருக்கும். "டேய், உம்முதுகுல முப்பது முட்டை வெக்கலாம்டா" என்பாள் அக்கா.

எவ்வளவு கழுவியும் அந்த வாசனை போகவில்லை. வைக்கோல், கோழி இறகு, உடைந்து காய்ந்த முட்டை, அதன் மேல் மஞ்சளும் சோப்பும். இப்போதும் எங்காவது முட்டைக் கடையைத் தாண்டினால் எனக்குக் கடல் ஞாபகம்தான் வருகிறது.

முதல் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டு, மறுநாள் காலையில் கிளம்பினோம். அம்மா எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. ஏறு என்றதும் ஏறி உட்கார்ந்தாள்.

அப்பாவுக்குக் கடலுக்கு வழி தெரியாது. காவிரிக்குத் தெரியும் என்றார். ஆற்றைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே முசிறி, திருச்சி, தஞ்சாவூர் என்று ஓட்டினார். ஆறு கண்ணுக்குத் தெரியாமல் போனால் வண்டியை நிறுத்தி யாரிடமாவது கேட்பார். அவர்கள் வழியைச் சொல்லிவிட்டு, "முட்டை என்ன விலை?" என்பார்கள். நிறுத்தின இடமெல்லாம் இதே கேள்வி. சில ஊர்களில் பெண்கள் பாத்திரத்தோடு வந்து பின்கதவைத் தட்டுவார்கள். அக்கா திரையை விலக்கி, "முட்டை இல்லீங்க, குடும்பந்தான் இருக்குது" என்பாள். அவர்கள் என்னை உற்றுப் பார்ப்பார்கள். நான் ஜமுக்காளத்துக்குள் புகுந்துகொள்வேன்.

காவிரி கடலில் சேரும் இடத்துக்குப் பூம்புகாரில் போய்ச் சேர்ந்தோம். அப்பா வண்டியிலிருந்து குதித்து, அம்மாவின் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். மாப்பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். நாங்கள் மணலில் நடந்து போய்ப் பார்த்தோம். எங்கள் ஊரில் அக்கரையில் நிற்கிற ஆள் எறும்பு மாதிரி தெரிவான், அவ்வளவு அகலம். இங்கே அது ஒரு வாய்க்கால். ஓர் ஆள் கல்லெறிந்தால் அக்கரை தாண்டும். வருகிற வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துக் கொடுத்து மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவ்வளவுதானுங்களா?" என்றாள்.

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆற்றைப் பார்க்கச் சொன்னவர், பக்கத்தில் கிடந்த கடலைக் காட்டவே மறந்துவிட்டார். அங்கிருந்து நேரே ஊருக்குத் திரும்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. "இன்னும் இருக்குது அம்மிணி, வா" என்று வண்டியைத் தெற்கே திருப்பினார்.

தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர். வெயில் இருக்கும், பொழுது சாயும்போது ஒரு மழை வந்து தகரக் கூரையில் பொரி வறுக்கும். கடலில் குளித்தோம். சோப்பு நுரைக்கவே இல்லை. காய்ந்ததும் கையை நக்கினால் ஊறுகாய் மாதிரி இருந்தது. போகிற இடமெல்லாம் மீன். கூடையில், சைக்கிளில், கயிற்றில், ரோட்டோரத்து மணலில் காய்ந்தபடி. நாங்களோ புரட்டாசி விரதம். கடலோரம் முழுக்கப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் தின்றுகொண்டு போனவர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். வாணலியில் மீன் பொரிகிற சத்தம் கேட்டால் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைப்பாள், நான்தான் புரட்டாசியைக் கண்டுபிடித்தவன் மாதிரி.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். ஏன் என்று புரிந்தது பல வருஷம் கழித்து. டீக்கடையில் கைக்குழந்தையோடு யாராவது நின்றால் அப்பா நிறுத்தாமல் அடுத்த கடைக்குப் போவார். வேளாங்கண்ணியில் பெரிய கூட்டம். மொட்டையடித்துச் சந்தனம் பூசின குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போனார்கள். அப்பா ஹாரனை அழுத்திப் பிடித்தபடி அந்த ஊரைத் தாண்டினார். ஜன்னல் வழியாக எனக்கு அம்மாவின் பின்தலை தெரிந்தது. அது ஒவ்வொரு குழந்தையின் பக்கமாகவும் திரும்பித் திரும்பிப் போனது.

வேளாங்கண்ணி தாண்டி, வேதாரண்யம் போகிற வழியில் ஒரு சவுக்குத் தோப்பு. அதற்குள் ஒரு மண்பாதை. மறுநாள் காலையில் அப்பா அதில் வண்டியை இறக்கினார். ஆள் நடமாட்டமே இல்லாத கடற்கரை. தூரத்தில் மட்டும் சிலர் கரையில் நின்றபடி கயிறு பிடித்து வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கோடையில் வேலூர் ஆற்று மணலில் வண்டியை இறக்கிக் கழுவிப் பழகினவர் அப்பா. இங்கேயும் குதிகாலால் மிதித்துப் பார்த்தார். "நம்ம ஆத்தவிடக் கெட்டியா இருக்குதே" என்றார். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கட்டும் என்று, பின்கதவு கடலைப் பார்க்கும்படி பின்னுக்கே கொண்டுபோய் ஈர மணலில் நிறுத்தினார். ஆற்றுத் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும். பொழுது ஏற ஏறக் கடலே பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறி வரும் என்பது, இத்தனை நாள் அலையைப் பார்த்தும் அவருக்குத் தெரியாது.

அம்மா பின்கதவில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா ஸ்டவ்வைப் பற்றவைத்து உலை வைத்தார். உலையைப் பார்த்ததைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் வரவில்லை.

உச்சி வெயிலில் அலை வந்து பின் டயரைத் தொட்டது. "காலு நனைக்க வருது" என்று அப்பா சிரித்தார். அடுத்தது டயரைத் தாண்டிப் போனது. அக்கா கத்தினாள். அப்பா ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினார். டயர் நின்ற இடத்திலேயே சுற்றி மணலைத் தோண்டியது. எங்கள் படுக்கையை உருவி, முட்டை அட்டைகளைக் கட்டுக் கட்டாக டயருக்கு முன்னால் போடச் சொன்னார். நானும் அக்காவும் போட்டோம். அது காகிதக் கூழ்தானே. தண்ணீரில் களி மாதிரி கரைந்து போனது. ஒவ்வொரு அலைக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. ஸ்டவ் அணைந்து கவிழ்ந்தது. அம்மாவுக்குச் சீராக வந்த பித்தளைச் சொம்பு உருண்டு போனது. அக்காவின் ஒற்றைச் செருப்பு மிதந்து போனது. அந்தச் சொம்பின் கழுத்தில் ஒரு சின்ன நசுங்கல் இருக்கும், தண்ணீர் குடிக்கும்போது என் கட்டை விரல் அதில் சரியாக உட்காரும்.

அம்மா நனைந்த ஜமுக்காளத்தைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றாள். அப்போதும் பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் அப்பா பயந்துபோனார் என்று நினைக்கிறேன். வண்டி போனால் பிழைப்பு போகும். அவர் அதைப் பார்க்காமல் அவளையே பார்த்தார்.

"நீ ஓடுறா, அவிங்களக் கூட்டியா. நான் அம்மாகூட நிக்கறேன்" என்று அக்கா என்னைத் தள்ளினாள்.

ஓடினேன். வலை இழுக்கிறவர்கள் முன்னால் போய் நின்றதும் எனக்கு வாயடைத்துவிட்டது. கையை மட்டும் நீட்டினேன். இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், "என்ன தம்பி, வாய் பேசாதா ஒனக்கு?" என்றாள்.

"எங்க ஊடு... எங்க ஊடு கடலுக்குள்ள போவுதுங்க" என்றேன்.

எல்லாரும் நான் காட்டின பக்கம் பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான். பிறகு எல்லாருமே ஓடி வந்தார்கள். வலை அப்போதுதான் கரையேறியிருந்தது. அந்தக் கயிற்றையே அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த ஒரு பெரியவர் வண்டியைச் சுற்றி வந்தார். "கடலுக்கு முதுகக் காட்டி நிறுத்தியிருக்கியேய்யா. எந்த ஊரு?"

"நாமக்கல் பக்கமுங்க."

"அங்க கடலு கிடையாதா?"

"ஆறுதானுங்க இருக்குது."

"அதான பாத்தேன். சரி, ஸ்டேரிங்குல ஏறு. நான் சொல்றப்ப மட்டும் மிதி. முட்டைய எல்லாம் எறக்கியாச்சா?"

"முட்டை இல்லீங்க" என்றாள் அக்கா, அந்த நேரத்திலும்.

வண்டியின் முன் கொக்கியில் கயிற்றைக் கட்டினார்கள். ஆண்கள் பிடித்தார்கள். போதவில்லை. பெண்களும் வந்து பிடித்தார்கள். கைக்குழந்தைக்காரி சுற்றும் முற்றும் பார்த்தாள். சும்மா நின்றது அம்மா ஒருத்திதான். நேரே அம்மாவிடம் போய், "இந்தா யக்கா, இவன செத்த நேரம் புடிங்க" என்று குழந்தையைக் கையில் திணித்துவிட்டுக் கயிற்றுக்கு ஓடினாள்.

ஜமுக்காளம் கீழே விழுந்தது. அம்மாவின் கையில் குழந்தை.

அப்பா முன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார். வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் குதித்து ஓடி வந்தார். எஞ்சின் உறுமி நின்றது. இழுத்த இழுப்பில் கொஞ்சம் முன்னே வந்திருந்த வண்டி மறுபடி பின்னால் போனது. "யோவ், ஸ்டேரிங்க விட்டுட்டு எங்கய்யா போற?" என்று பெரியவர் கத்தினார்.

அப்பா அம்மாவிடம் இரண்டு கையையும் நீட்டினார். "குடு அம்மிணி. பாப்பாவக் குடு. பெரியவ வெச்சுக்குவா. நீ அக்கட்டால போய் உக்காரு." பாப்பா என்ற சொல் அவர் வாயிலேயே வந்துவிட்டது. அவருக்கே அது தெரியவில்லை.

அம்மா குழந்தையைத் தோளோடு சேர்த்தாள். "நீங்க போயி வண்டியப் பாருங்க" என்றாள். சத்தமாகச் சொன்னாள். கயிறு பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல அம்மிணி, உனக்கு..."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் வெச்சிருக்கறேன். போங்க."

அப்பா போனார். பெரியவர் குரல் கொடுக்க, எல்லாரும் ஒரே மூச்சாக இழுத்தார்கள். நானும் அக்காவும் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டோம். உள்ளங்கை எரிந்தது. இடையில் திரும்பிப் பார்த்தேன். அம்மா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், காற்றில் வரும் தண்ணீர் குழந்தை மேல் படாமல். குழந்தை முதலில் அழுதது. பிறகு அழவில்லை. வண்டி கேவிக் கேவி, ஓர் எருமை எழுந்திருப்பது போல் எழுந்து, சவுக்குத் தோப்புப் பக்கம் வந்து நின்றது.

கைக்குழந்தைக்காரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். குழந்தை அம்மாவின் தோளில் தூங்கியிருந்தது. "இருக்கட்டும், எழுப்ப வேணாம். எங்கிட்ட இப்புடித் தூங்க மாட்டான். நல்லாப் புடிக்கிறீய யக்கா" என்று மணலில் உட்கார்ந்தாள். "ஒங்களுக்கு எத்தன புள்ளைய?"

அப்பா வண்டிப் பக்கமிருந்து அவசரமாக, "ரெண்டுங்க. ஒரு பொண்ணு, ஒரு பையன்" என்றார்.

"மூணுங்க" என்றாள் அம்மா.

அக்கா என் கையைப் பிடித்தாள். பெரியம்மா சொன்னதை அம்மாவே மீறிவிட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாதே. "மூணாவது எங்க? ஊருல விட்டுட்டு வந்துட்டீயளா?"

"இல்லீங்க. சித்திரையில பொறந்தான். தங்கல."

எங்கள் ஊரில் என்றால் உடனே யாராவது உச்சுக்கொட்டி, பேச்சை மாற்றி, அம்மாவை உள்ளே அழைத்துப் போயிருப்பார்கள். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. "யாரு மாரி இருந்தான்?" என்று கேட்டாள்.

அம்மா யோசித்தாள். என்னைப் பார்த்தாள். "இவனாட்டந்தான். இதே நெத்தி. காது மட்டும் இவிங்கப்பனாட்டம், வெளிய நீட்டிக்கிட்டு."

அப்பா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதுவரை எனக்கு அந்தக் குழந்தை ஒரு பேசக் கூடாத விஷயம். அவ்வளவுதான். அந்த நிமிஷத்தில்தான் அவனுக்கு ஒரு முகம் வந்தது, என் முகம் மாதிரி. அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "முடி இருந்துச்சாம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

"தல நெறைய" என்றாள் அம்மா. "செம்பட்டையா, உன்னுதாட்டமே."

பிறகு அவள் பேசினாள். சித்திரையிலிருந்து சேர்த்து வைத்திருந்த பேச்சு. அவன் அழ நேரமானது, கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தது, கொட்டாவி விட்டது. அழுதுகொண்டே பேசினாள். இடையில் ஒரு முறை சிரித்தாள். குழந்தை எழுந்து தாயிடம் போன பிறகும் பேசினாள். அப்பா டயரில் சாய்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துட்டுப் போறப்ப, என் வெரலப் புடிச்சாப்ல இருந்துது அவன் கையி" என்றார் திடீரென்று.

அம்மா நிறுத்தினாள். "அத எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லீங்களே."

"நீ அழுவியேன்னுதான் அம்மிணி."

"நான் அழுவாம எப்ப இருந்தேன்?"

அப்பா எழுந்து வந்து அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். நாலு பேர் முன்னால் அவர்கள் இருவரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இப்போது யோசித்தால் பெரியம்மா மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் மறைப்பதுதான். அப்பாவுக்கும் அதே வைத்தியம், கொஞ்சம் டீசல் செலவோடு. கடலோ கோயிலோ, அம்மாவுக்கு வேண்டியிருந்தது காட்சி இல்லை. யாராவது கேட்க வேண்டியிருந்தது.

அன்று அவர்கள் எங்களைப் போக விடவில்லை. இழுத்தவர்களுக்குச் சோறு, எங்களுக்கும் சோறு. பெரியவர் ஒரு பெரிய வஞ்சிர மீனைத் தூக்கிக் காட்டினார். அப்பா நெளிந்தார். "பொரட்டாசிங்க."

"மீனு திங்காதவரு எதுக்குய்யா கடலுக்கு வந்தாரு?" என்று பெரியவர் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். ஒரே சிரிப்பு. கைக்குழந்தைக்காரி மட்டும், "இருங்க யக்கா, நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து போனாள். புளி கரைத்து, மிளகாய் அரைத்து, மாங்காய் போட்டு, மீன் குழம்புக்கு என்னென்ன செய்வாளோ அத்தனையும் செய்து, மீன் போடுகிற நேரத்தில் சட்டியை இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"மீனு போடாத மீன் கொழம்பு. சாமி கோவிச்சுக்காது" என்றாள்.

அம்மா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். அக்கா என்னை முழங்கையால் இடித்தாள். பார்த்துக்கொண்டேயிருந்தோம், அவள் தட்டு காலியாகிற வரைக்கும். பிறகு சட்டியை எட்டிப் பார்த்து, "மாங்கா எப்பப் போட்டீங்க? புளிக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வண்டியைக் காயவைத்துக் கிளப்பிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். படுக்கை அட்டை எல்லாம் கரைந்து போனதால் அவர்கள் கொடுத்த சவுக்கு இலையைப் பரப்பி அதன் மேல் ஜமுக்காளம் விரித்திருந்தோம். வடக்கே திரும்பினால் ஊர். லீவு முடிய நாள் இருந்தது. அப்பா யோசித்துக்கொண்டே நின்றார்.

"இன்னுங் கொஞ்ச தூரம் போலாமுங்களா?" என்றாள் அம்மா.

வேதாரண்யம் நெருங்கியதும் இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளை வெள்ளையாகக் குவித்து, மேலே கீற்றுப் போட்டு மூடியிருந்தார்கள். மண்வெட்டியோடு நடந்து போன ஒரு வயசாளியை அப்பா முன்னால் ஏற்றிக்கொண்டார். அம்மா அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நானும் அக்காவும் பின்னால் மண்டியிட்டு, ஜன்னலில் தாடையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

வயசாளி திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "முட்டைன்னு எழுதியிருக்கு, உள்ள பாத்தா கோழிக்குஞ்சு" என்றார். பிறகு அப்பாவிடம் கேட்டார். "மொத்தம் எத்தன தம்பி புள்ளைய?"

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கியரை மாற்றினார். ரோட்டைப் பார்த்தபடியே, "மூணுங்க" என்றார்.

"இங்க ரெண்டுதான இருக்கு?"

"ஆமாங்க. சின்னவன் தங்கலீங்க" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போன பிறகு, அந்த மனிதர் கேட்காமலே, "என் காதுங்க அவனுக்கு" என்றார்.

அம்மா அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த காய்ந்த மணலைத் தட்டிவிட்டாள். அக்கா ஜன்னலில் என்னைக் கொஞ்சம் இடித்தாள்.

"தள்ளி நில்லுடா."

"எதுக்கு?"

"தம்பிக்கு எடம் வேணாமா?" என்றாள்.

நான் தள்ளி நின்றேன்.